முதலில் ஜன்னலைப் பாருங்கள்

(வீட்டுச் செடி வளர்ப்போர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குள் செடி வைக்க ஆசைப்படுகிறவர் நர்சரிக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கிறது. “வாரத்துக்கு எத்தனை தடவை ஊத்தணும்?” வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அவரும், “ரெண்டு தடவை ஊத்துங்க, போதும்” என்கிறார். அதை நம்பி வாங்கிப்போன செடி இரண்டு மாதத்தில் மஞ்சளாகி, தண்டு குழைந்து, மொட்டைமாடி மூலைக்குப் போய்ச் சேர்கிறது. தனக்குக் கைராசி இல்லை என்று வீட்டுக்காரர் நொந்துகொள்கிறார். கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. “எங்கள் வீட்டில் இன்ன இடத்தில் இவ்வளவு வெளிச்சம் வருகிறது, அங்கே எது பிழைக்கும்?” என்று அவர் கேட்டிருந்தால் அந்தச் செடி இன்றும் உயிரோடு இருந்திருக்கும்.

செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. உரத்தைச் செடியின் உணவு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது குழம்புக்குப் போடும் உப்பு மாதிரி. அரிசியும் பருப்பும் ஒளியிலிருந்து வருகின்றன. ஒளியைக் கொண்டு இலை தனக்கான சர்க்கரையைச் சமைத்துக்கொள்கிறது. ஒளி குறைந்தால் சமையல் குறைகிறது. சமையல் குறைந்தால் தண்ணீர்ச் செலவும் குறைகிறது. கிழக்கு ஜன்னலோரம் இருக்கும் மணி பிளான்ட் மூன்று நாளில் குடித்துத் தீர்க்கும் தண்ணீர், அதே வீட்டின் நடைபாதை மூலையில் இரண்டு வாரம் ஆனாலும் தொட்டிக்குள்ளேயே தேங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் “வாரம் இரண்டு தடவை” என்று ஒரே கணக்கை எப்படிச் சொல்வது?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்க மனிதக் கண் உதவாது. ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் ஒளி விழுகிறது. மரத்தடி நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஆனால் ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி, நாம் சௌகரியமாகப் பேப்பர் படிக்கும் சோபா பக்கத்தில் 200, 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். கண்ணின் பாவை விரிந்துகொடுத்து இந்தப் பள்ளத்தைச் சமன் செய்துவிடுவதால், “நல்ல வெளிச்சமான ஹால்” என்று நாம் நம்புகிறோம். இலைக்கு அப்படி விரிந்துகொடுக்கும் பாவை கிடையாது.

அளக்க எளிய வழி இருக்கிறது. செடி வைக்க நினைக்கும் இடத்தில் காலை பத்து மணிக்கோ பிற்பகல் மூன்று மணிக்கோ ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டிப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் அழுத்தமாக விழுந்தால் அங்கே பெரும்பாலான வீட்டுச் செடிகள் செழிக்கும். ஓரம் மங்கி, கையென்று மட்டும் தெரிந்தால் மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் போன்ற பொறுமைசாலிகளுக்கு இடமுண்டு. நிழலே விழவில்லையா, அங்கே ஓவியம் மாட்டலாம், செடி வேண்டாம்.

எந்தத் திசை ஜன்னல் என்பதிலும் புத்தகங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. வீட்டுச் செடிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில்தான் நிற்கிறது. அதனால் தெற்கு ஜன்னலில் நேர் வெயில், வடக்கு ஜன்னலில் என்றும் நிழல் என்று எழுதிவைத்தார்கள். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வடக்கே போய்விடுகிறது. செப்டம்பர் தொடக்கத்தில்தான் திரும்புகிறது. கத்திரி வெயில் காலத்தில் நம்மூர் வடக்கு ஜன்னலுக்கு வெயில் உண்டு. மார்கழியிலோ தெற்கு ஜன்னல் வழியாக அறைக்குள் நெடுந்தூரம் வெயில் நீள்கிறது. பிப்ரவரியில் நன்றாயிருந்த செடி மே மாதத்தில் இலை கருகினால், தண்ணீர்க் குவளையைத் தேடும் முன் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எந்தப் பருவத்திலும் வம்பு செய்யாதது கிழக்கு ஜன்னல். மேற்கு ஜன்னல் கோடையில் மெல்லிய திரைச்சீலை கேட்கும்.

குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டுக்குள் செடி வைத்த கதையும் கேட்கத்தக்கது. லண்டனின் கிழக்குப் பகுதியில் நத்தானியேல் பாக்ஷா வார்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் ஆசையாக வளர்த்த பெரணிகளையெல்லாம் நிலக்கரிப் புகை கொன்றுகொண்டிருந்தது. 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்கத்தான் வைத்தார். ஆனால் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் ஆவியான ஈரம் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியது. புகை உள்ளே வரவில்லை. 1833இல் இப்படிப்பட்ட இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை ஏற்றி லண்டனிலிருந்து சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். பல மாதக் கடல் பயணத்தைத் தாண்டி அவை பிழைத்தன. அதன்பிறகு உலகத்தின் செடிகளெல்லாம் ‘வார்டியன் பெட்டி’யில் பயணம் செய்யத் தொடங்கின. தென்னமெரிக்காவின் சின்கோனாக் கன்றுகள் 1860, 1861 ஆண்டுகளில் ஊட்டிக்கு வந்ததும் இந்தப் பெட்டிகளில்தான். மலேரியாவுக்கான கொய்னா மருந்து நீலகிரியில் விளைந்ததற்குப் பின்னால் ஒரு பெரணி ஆர்வலரின் குடுவை இருக்கிறது.

வெப்பமண்டலக் காட்டுச் செடிகளைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது குளிர்நாட்டுக்காரர்கள் பாடு. நமக்கு அந்தப் பாடு இல்லை. இந்தச் செடிகளுக்குப் பிடித்த வெப்பமும் ஈரக்காற்றும் நம் ஊர்க் காற்றிலேயே இருக்கின்றன. இங்கே அவற்றுக்கு முக்கிய எதிரிகள் இரண்டு: இருட்டும், அளவுக்கு மீறிய தண்ணீரும்.

இனி ஒவ்வொரு செடியாகப் பார்க்கலாம். எல்லோர் வீட்டிலும் இருப்பது மணி பிளான்ட். அதன் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரியா தீவு. அங்கிருந்து புறப்பட்டு உலகமெங்கும் பரவிவிட்டது; இலங்கையின் காடுகளில் மரங்களை மூடும் தொல்லைக் கொடியாகவே ஆகிவிட்டது. நம் வீட்டில் உள்ளங்கை அளவு இலை விடும் இதே கொடி, ஒரு பெரிய மரத்தைப் பற்றி ஏறினால் முறத்தைவிடப் பெரிதாக, ஓரம் கிழிந்த இலைகளை விடும். வீட்டில் நாம் பார்ப்பது அதன் குழந்தைப் பருவத்தை மட்டுமே. தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். தென்னைநார் சுற்றிய கம்பு நட்டு ஏற்றிவிட்டால் இலை பெருக்கும். இதன் பூவை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஊக்கி இதன் உடலில் போதுமான அளவு உற்பத்தியாவதில்லை என்றும், அதை வெளியிலிருந்து தெளித்தால் பூக்கிறது என்றும் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். பூவும் விதையும் இல்லாமல், கிள்ளி நடுவதாலேயே இது உலகம் சுற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்காமல் கிள்ளிவந்தால்தான் செல்வம் சேரும் என்று நம் தெருக்களில் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கையும் இந்தக் கொடியின் பரவலுக்குக் கைகொடுத்திருக்கும்.

கிள்ளுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவுக்கு எதிரே பழுப்பாக ஒரு சிறு முடிச்சு இருக்கும். அதுதான் வேர் விடும் இடம். கணு இல்லாமல் இலையை மட்டும் பாட்டிலில் போட்டால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடியாக வளராது.

ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் நெருங்கிய உறவு நம் வேலியோரங்களிலும் முட்காடுகளிலும் காலங்காலமாக இருக்கிறது. மருள் என்பது அதன் பெயர். அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். நர்சரியில் நல்ல விலை சொல்லும் செடியின் பங்காளி ஊர்ப் புறம்போக்கில் கேட்பாரற்று நிற்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்த இனம் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்கிச் சேமிக்கிறது. வறண்ட நிலத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்க அது கற்ற வழி. “இரவு முழுவதும் ஆக்சிஜன் தரும் செடி” என்று படுக்கையறைக்கு இதை விற்பது இந்தச் செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டதால். இரவில் வாங்குவது கரியமிலவாயு. ஆக்சிஜன் உண்டாக ஒளி வேண்டும், அது பகலில்தான் நடக்கும்.

இசட்-இசட் பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தொட்டியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தால் மண்ணுக்குள் சேப்பங்கிழங்குபோல உருண்டை உருண்டையாகக் கிழங்குகள் இருக்கும். தண்ணீர் முழுக்க அங்கே சேமிப்பில் இருக்கிறது. மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. தினமும் ஊற்றுகிற அன்பான கை வாய்த்தால்தான் அழுகும். பீஸ் லில்லி நேரெதிர். தாகம் எடுத்தால் மயக்கம் போட்டதுபோல மொத்தமாகத் துவளும். ஊற்றியதும் சில மணி நேரத்தில் நிமிரும். புதிதாக வளர்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

ரப்பர் செடியை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது நம் வடகிழக்கு மாநிலங்களின் ஆலமர உறவு. மேகாலயாவில் காசி மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே உயிர்வேர்ப் பாலங்கள் கட்டுவது இந்த மரத்தின் வேர்களைக் கொண்டுதான். ‘லக்கி பாம்பூ’ மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்கச் செடி. சில கடைகளில் கள்ளிச் செடியின் தலையில் காய்ந்த பூவைப் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். விரலால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

துளசி, மல்லி, செம்பருத்தி, ரோஜா, கறிவேப்பிலை ஆகியவற்றை வரவேற்பறையில் வைக்காதீர்கள். அவை வெயில் குடிக்கும் பிறவிகள்.

சென்னைக்கு வரும் அலங்காரச் செடிகளில் பல ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியேறி வருபவை. பச்சை வலையின் கீழ் ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளியில் வளர்ந்த செடியை ஒரே நாளில் ஹால் மூலைக்குக் கொண்டுவந்தால் சில இலைகளை உதிர்க்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி, உரம் போட்டு, தொட்டி மாற்றி, இன்னும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுவதில்தான் பல செடிகள் போகின்றன. வாங்கிவந்த செடியை இரண்டு வாரம் அப்படியே, மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். இலையின் அடிப்பக்கத்திலும் காம்பு இடுக்கிலும் பஞ்சுபோல மாவுப்பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வேருக்கு மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் காற்று இருக்கிறது. எந்நேரமும் அங்கே தண்ணீரே நின்றால் வேர் மூச்சுமுட்டிச் சாகிறது, பிறகு பூஞ்சை வந்து தின்கிறது. அப்படிப்பட்ட செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தால் சாக்கடை வாடை அடிக்கும். நல்ல வேர் வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் உறுதியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வர, உள்ளே நூலாக ஒரு நரம்பு மிஞ்சும். கொடுமை என்னவென்றால், வேர் அழுகிய செடியும் தாகத்தில் வாடியதுபோலவே துவளும். வீட்டுக்காரர் இன்னும் ஊற்றுவார்.

நாள்காட்டியை விட்டுவிட்டு விரலை நம்பலாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்திருந்தால் ஊற்றலாம். சிறு தொட்டியானால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஈரத் தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் ஒரே வாரத்தில் கைக்குப் பழகிவிடும். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். துளையில்லாத பீங்கான் தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் போதும் என்பது பலகாலத் தவறு. மண்ணிலிருந்து தண்ணீர் கல்லுக்கு எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலே தேங்கி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மண் காய்வதே அரிது. அப்போது பத்து நாள் ஊற்றாவிட்டாலும் குறை வராது.

நர்சரித் தொட்டிகளில் இப்போது பெரும்பாலும் கோகோபீட் எனும் தென்னைநார்த் தூள்தான் நிரப்பியிருக்கிறார்கள். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் ஓரத்து இடுக்கு வழியே நேராக வெளியே ஓடும். நடுவேர் காய்ந்தே இருக்கும். தொட்டியை அரைமணி நேரம் ஒரு வாளித் தண்ணீரில் பாதியளவு மூழ்க வைத்தால் தூள் மறுபடி ஊறிக்கொள்ளும். தொட்டி மாற்றும்போது செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்து ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். ஸ்நேக் பிளான்டுக்கு மட்டும் பருமணல் கொஞ்சம் கூடுதலாக.

சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. இலை நுனி பழுப்பாகக் காய்வதும், மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூப்பதும் அந்த உப்பின் வேலை. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஏசியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்குவதால் உப்பு அநேகமாக இல்லாதது; அலங்காரச் செடிகளுக்கு ஏற்றது.

நம்மூரில் வீட்டுச் செடி வளர்ப்போர் ஒருநாளும் மறக்கக் கூடாதது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரும் மணி பிளான்ட் பாட்டிலும் அதற்குப் பிடித்த இடங்கள். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழெட்டு நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் பாட்டில் செடியை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இதில் சலுகைக்கு இடமே இல்லை.

குழந்தையும் பூனையும் நாயும் உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை தேவை. சேனையும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிப்பது நமக்குத் தெரியும். அதனால்தான் புளி சேர்த்துச் சமைக்கிறோம். அரிப்புக்குக் காரணம் ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். மணி பிளான்ட், இசட்-இசட், பீஸ் லில்லி, ஆந்தூரியம், டீபன்பேக்கியா எல்லாமே அந்தச் சேனைக் குடும்பத்துப் பிள்ளைகள். மென்றால் வாயும் தொண்டையும் வீங்கும். டீபன்பேக்கியா இன்னும் கடுமை. தவழும் குழந்தையுள்ள வீட்டில் இவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அரிக்கா பனையும் ஸ்பைடர் பிளான்டும் பூனை, நாய்க்கும் நஞ்சில்லாதவை.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்று அட்டை கட்டி விற்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? 1989இல் நாசாவுக்காக வோல்வர்டன் என்ற ஆய்வாளரின் குழு, மூடி முத்திரையிட்ட சிறு அறைகளில் செடிகளை வைத்துச் சோதித்தபோது நச்சு வாயுக்கள் குறைந்தது உண்மைதான். ஆனால் நம் வீட்டில் கதவிடுக்கும் ஜன்னலும் இருக்கின்றன. டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸும் வாரிங்கும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். காலையில் சுருளாக நின்ற ஓர் இளந்தளிர் மாலைக்குள் பிரிந்து விரிவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே செடி வளர்க்கலாம். அதற்கு அட்டை தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை நர்சரிக்குக் கிளம்பும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். நிழல் எங்கே எப்படி விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு போய் நர்சரிக்காரரிடம் பேசுங்கள். பெரிய செடி வேண்டாம்; புதுத்தளிர் விட்டிருக்கும் ஒரே ஒரு சின்னச் செடியை வாங்கி, ஆறு மாதம் அதோடு பழகிவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.